ஜன்னல் சீர்

வெண்ணம்பாளையத்தில் பாதிப் பேர் திரைச்சீலை நெய்து பிழைத்தார்கள், மீதிப் பேர் நெய்ததை மடித்துப் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்த ஊர்களின் ஜன்னல்களுக்கு அனுப்பிப் பிழைத்தார்கள், அதனால் அங்கே ஒரு பெண் புது வீடு குடி போனால் பிறந்த வீட்டிலிருந்து குத்துவிளக்கோ பித்தளைக் குடமோ வராது, ஜன்னல் சீர்தான் வரும். கூடப் பிறந்தவன் வந்து, டேப்பைத் தொடாமல் வெறுங்கையால் முழம் போட்டு ஜன்னலை அளந்து, துணி எடுத்து, தைத்து, கம்பியில் கோத்து, தன் கையாலேயே ஒரு தரம் இழுத்து மூடிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டுப் போக வேண்டும். மாட்டிய திரையைத் துவைக்க இறக்குவதென்றாலும் அவனைத்தான் கூப்பிட வேண்டும். வேறு கை இறக்கினால் அண்ணன் தங்கை உறவு அன்றோடு அறுந்தது என்று அர்த்தம். அவனே வந்து இறக்கி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால், கூடப் பிறந்தவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம், அதற்கு மேல் புருஷன் வீட்டார் ஒரு வார்த்தை பேச முடியாது. அப்படி ஒருவன் இறக்கியதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த வழி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாப் பெண்களையும் கட்டிக்கொடுத்தார்கள்.

கோகிலவாணியையும் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை லோகநாதன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், தெருவுக்கு ‘சார்’, குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை வாங்க போங்க என்றுதான் பேசுவார். கதவைச் சாத்திய பிறகு அடிப்பார். காரணம் என்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை, காபி ஆறியிருந்தாலும் போதும், ஆறாமல் இருந்தாலும் போதும். கோகிலவாணி இதைத் தன் அம்மாவிடம் சொன்னாள், அம்மா அழுதாள், அழுது முடித்துவிட்டு, வாடகை வீட்டில் இருக்கிற மனுசனுக்கு ஆயிரம் வெசனம் இருக்கும், சொந்த வீடு ஆனால் மனசு தணிந்துவிடும் என்றாள். சொந்த வீடு ஆனது. நாகாத்தம்மன் கோயிலுக்கு வடக்கே புது லேஅவுட்டில், எதிரும் புதிருமாக வீடுகள் நிற்கிற தெருவில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு ஒரு வீடு கட்டி, வைகாசியில் பால் காய்ச்சினார்கள். மனசு தணியவில்லை, சத்தம் வெளியே போகாத அளவுக்குச் சுவர் மட்டும் கனமாகியிருந்தது.

அண்ணன் ஈஸ்வரமூர்த்தி நல்லவன். இந்தக் கதையில் வருகிற எல்லாரும் நல்லவர்கள்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவன் சொன்னபடி வந்தான், முழங்கையை ஜன்னலில் வைத்து வைத்து அளந்தான், தங்கையையும் மாப்பிள்ளையையும் அர்த்தநாரி கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் திரைத்துணிக்கு அர்த்தநாரி கடைதான், கப்பலேறப் போய் ஏதோ ஒரு நூல் பிசகித் திரும்பி வந்த துணியெல்லாம் அங்கேதான் வந்து குவியும். மின்விசிறிக் காற்றில் மாதிரித் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. கோகிலவாணி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய் வெண்ணெய் நிறத்தில் ஒரு மெல்லிய பருத்தித் துணியின் முன்னால் நின்றாள், அதன் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள், விரல்கள் அஞ்சும் தெரிந்தன.

“அண்ணா, இத மாதிரி மெல்லிசா எடுத்துக் குடுங்கண்ணா. வெளிய நின்னு பார்த்தா உள்ள தெரியோணும்” என்றாள்.

இதை அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஈஸ்வரமூர்த்திக்கு அந்தப் பார்வை புரிந்தது என்றும் சொல்லலாம், புரியவில்லை என்றும் சொல்லலாம், புரிந்ததைப் புரியாமல் வைத்துக்கொள்ள அவனுக்கு வசதி இருந்தது. அவன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். ஸ்கிரீன் என்றால் ஸ்கிரீனாக இருக்க வேண்டும் மச்சான், வெயிலுக்கே உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியக் கூடாது என்று லோகநாதன் சிரித்தார், அர்த்தநாரியும் சிரித்தான், நாவற்பழ நிறத்தில் தடித்த துணி ரோல் ஒன்றை மேஜைமேல் உருட்டிப் பிரித்தான். பிரிட்டிஷ்காரனோ ஜெர்மன்காரனோ எவனோ ஒருவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்கு, ஆனால் நெசவு இரும்பு மாதிரி இருந்தது. ரோலாகவே எடுத்தால் மலிவு என்றான் அர்த்தநாரி. ஈஸ்வரமூர்த்தி ரோலாகவே எடுத்தான், தங்கை வீட்டுக்குத் தைத்தது போக மிஞ்சியதைத் தன் வீட்டு முன் ஜன்னலுக்கும் மாட்டிக்கொண்டான், அவன் மனைவி சாந்தாமணிக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் அந்த ஜன்னலில் அதுவரை பழைய போர்வைதான் தொங்கியது.

ஆடி பிறந்து காற்று தொடங்கிய ஒரு சாயங்காலம் லோகநாதன் காலேஜிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், நாவற்பழத் திரையை இழுத்து மூடினார், மூடிய திரையின் தெருப்பக்கத்தில் அவர் வீட்டுக் கூடம் அப்படியே தெரிந்தது. சோபா தெரிந்தது, சுவரில் காலண்டர் தெரிந்தது, காலண்டரின் தேதி தெரிந்தது, டம்ளரைத் தரையில் அடித்த கை தெரிந்தது, அந்தக் கை கோகிலவாணியின் பின்னலைச் சுற்றிப் பிடித்ததும் அவள் தலை பின்னால் மடங்கியதும் நடுப்பகலில் பார்ப்பதுபோல் தெரிந்தன. எதிர்வீட்டு ரங்கநாயகி அக்கா கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் பார்த்தாள், ஒடித்த இணுக்கை முந்தானையில் போட்டுக்கொண்டாள், உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரிடம், சார் வீட்டு ஸ்கிரீன் சாயம் போகுது போலிருக்கு என்றாள்.

அன்றிலிருந்து வெண்ணம்பாளையத்துக்காரர்கள் அதைத் துணி விஷயமாகவே வைத்துக்கொண்டார்கள். துணி விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள், சீக்கிரமே அதன் குணம் முழுவதையும் படித்துவிட்டார்கள். சார் இல்லாதபோது மூடினால் அது வெறும் நாவற்பழ நிறம், சார் தூங்குவதற்காக மூடினாலும் வெறும் நாவற்பழ நிறம், எதை மறைக்கவேண்டும் என்று நினைத்து இழுக்கிறாரோ அது மட்டும்தான் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். நூலில் ஏதோ கலந்திருக்கிறது என்றான் ஒருவன், சாயத்தில் என்றான் இன்னொருவன், அத்தோடு காரணம் தேடுவது முடிந்தது. பால்காரர் தன் நேரத்தை அதற்குத் தோதாகத் தள்ளி வைத்துக்கொண்டார். பெண்கள் ராத்திரிச் சமையலை முன்னாலேயே முடித்தார்கள். பிள்ளைகளை அந்த நேரத்துக்குச் சரியாக டியூஷனுக்கு விரட்டினார்கள், காற்று வாங்குவதற்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலில் போட்டார்கள், அவர்கள் வாசல் பக்கம் காற்று வந்ததே கிடையாது. யாராவது ஐயோ பாவம் என்று ஆரம்பித்தால், புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம் நமக்கெதற்கு, ஆனால் அந்தக் காலண்டரில் இருக்கிற எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது பார், என்ன துல்லியம் என்று பேச்சைத் துணிக்குத் திருப்பினார்கள். நல்ல மனுஷர்கள், ஒருவர் மானத்தைப் பற்றி இன்னொருவர் பேசமாட்டார்கள்.

கடைக்குக் கெட்ட பெயர் வருகிறது என்று கேள்விப்பட்டு அர்த்தநாரியே ஒரு நாள் வந்தான். தெருவில் நின்றான், திரையில் கோகிலவாணி சுவரோரம் குந்தி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் கம்பிக்குள் விரலை விட்டுத் துணியின் ஓரத்தை நெருடிப் பார்த்தான், அவள் முதுகு தெரிந்த இடத்தைத்தான் நெருடினான், கண்ணைக் கிட்டே கொண்டுபோய் ஊடையும் பாவும் பார்த்தான்.

“நெசவுல ஒரு பழுதும் இல்லீங்க. தொங்கவிட்டதுதான் சரியில்ல” என்று கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

லோகநாதனுக்கும் ஒருவழியாகச் சொன்னார்கள். கோயில் கமிட்டிக்காரர் தனியாகக் கூப்பிட்டு, சார், உங்க ஸ்கிரீன்ல லேசா உள்ள தெரியறாப்பல இருக்குதுங்க, பார்த்து மாத்திப் போடுங்க என்றார். லோகநாதன் வெட்கப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்குத் துணிமேல் கோபம் வந்தது, துணி எடுத்துக் கொடுத்த மச்சான்மேல் கோபம் வந்தது, வக்கற்ற வீட்டில் பெண் எடுத்தேன் என்று அன்றைக்கு அதற்காகவும் அடித்தார், அதுவும் தெரிந்தது.

கோகிலவாணிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, உள்ளேயிருந்து பார்த்தால் அது தடித்த துணிதான். ஆனால் கீரைக்காரியிலிருந்து கூரியர்காரன் வரை அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்கள், அவள் அடிபட்ட பக்கம் எது என்று தெரிந்ததுபோல் அந்தப் பக்கம் படாமல் விலகி நின்றார்கள். ஒரு காலையில் குழாயடியில் ரங்கநாயகி அக்காவை மறித்து, அக்கா, எங்க ஸ்கிரீன்ல என்னக்கா தெரியுது என்று கேட்டாள். அக்கா குடத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், பூ டிசைன் கொஞ்சம் மங்கலாத் தெரியுது கண்ணு என்றாள். அந்தத் துணியில் பூவே கிடையாது.

அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் அழவில்லை, சந்தோஷப்பட்டாள், இதைச் சொல்வதற்கே கசக்கிறது, ஆனால் சந்தோஷம்தான் பட்டாள். இத்தனை வருஷம் வாயால் சொன்னால் நம்பாததை இனி அவள் சொல்ல வேண்டியதில்லை, துணி சொல்லும், அண்ணன் ஒரு தரம் தெருவில் நின்று பார்த்தால் போதும். ஸ்கிரீனில் பழுது, சாயங்காலம் பொழுதோடு வந்து பாருங்கண்ணா என்று போனில் சொல்லிவிட்டு, இரண்டு சேலையும் தன் பி.காம். சர்ட்டிபிகேட்டும் ஒரு பையில் வைத்துச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். தெருவுக்கும் சேதி போனது. அன்றைக்கு நாற்காலிகள் அதிகம் போட்டார்கள், ஈஸ்வரமூர்த்தி இறக்கிவிடுவான் என்றார்கள், இந்த ஊரில் இறக்கியதை நாமாவது கண்ணால் பார்த்தோம் என்று இருக்கட்டும் என்றார்கள்.

ஈஸ்வரமூர்த்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். வண்டியை நிறுத்தும்போதே திரை மூடியிருந்தது. அதில் அவன் தங்கையை மாப்பிள்ளை காதோடு சேர்த்து அறைந்தார், அவள் மேஜை விளிம்பில் மோதினாள், மறுபடியும் அறைந்தார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தெரு முழுக்க அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரமூர்த்தி வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான், கையில் இருந்த பையைச் சரிபார்த்தான், உள்ளே எல்லாம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தான், அடங்கியதும் இரண்டு தரம் இருமிவிட்டுக் காலிங்பெல்லை அழுத்தினான்.

உள்ளே உபசாரம் நடந்தது. வாங்க மச்சான், வாங்க அத்தை என்றார் லோகநாதன். கோகிலவாணி ஒரு பக்கம் கன்னம் தடித்திருக்கக் காபி கொண்டுவந்தாள், அம்மா அந்தக் கன்னத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள், சர்க்கரை கம்மி என்றாள். ஈஸ்வரமூர்த்தி ஸ்டூல் கேட்டான். கோகிலவாணி ஓடிப்போய் எடுத்துவந்து போட்டு, ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணன் பாதத்தைப் பார்த்தபடி நின்றாள். அவன் கம்பியைக் கழற்றினான், நாவற்பழத் திரையை உருவி எடுத்தான், தோளில் போட்டுக்கொண்டான். தெருவில் நாற்காலிகள் நகர்ந்தன. அவள் சமையலறைக் கதவைப் பார்த்தாள், செருப்பு வாசலில்தான் கிடக்கிறதா என்று பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி ஸ்டூலில் இருந்து இறங்காமலேயே, அந்தப் பையை எடுத்துக் கொடு அம்மிணி என்றான். அவன் கொண்டுவந்த பை அது. உள்ளே லைனிங் துணி இருந்தது, ரப்பர் பூசியது, கன்னங்கரேலென்று இருந்தது, அதையும் பழைய திரையையும் சேர்த்து வைத்துக் கம்பியில் கோத்து, மாட்டி, தன் கையாலேயே ஒரு தரம் இழுத்து மூடினான்.

“இனிமே ஒண்ணுந் தெரியாது அம்மிணி” என்றான்.

குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. அதுதான் பொறுக்க முடியாதது. அவன் கை நனைத்துவிட்டுப் போனான், அம்மா போகும்போது கொஞ்சம் அனுசரித்துப் போ கண்ணு, கண்ணாடி வளையல் போடாதே, குத்தினால் சீழ் வைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லைனிங் போட்ட பிறகு திரையில் சத்தமும் கேட்க ஆரம்பித்தது. பார்ப்பதற்குப் பழகியிருந்த தெரு கேட்பதற்குப் பழகியிருக்கவில்லை. அம்மா, அம்மா என்று அவள் கூப்பிடுவது ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து, தன்னைத்தான் கூப்பிடுகிறாளோ என்று ஒவ்வொருத்தியையும் திரும்பிப் பார்க்க வைத்தது, சோறு இறங்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. எல்லாரும் அர்த்தநாரி கடைக்குப் போனார்கள்.

அந்த ஆவணியில் அந்தத் தெரு திரை வாங்கியதுபோல் எந்தத் தெருவும் வாங்கியிருக்காது. தூரத்து ஊர்களில் இருந்தெல்லாம் கூடப் பிறந்தவர்களை வரவழைத்தார்கள், அவர்கள் முழங்கையால் ஜன்னல் ஜன்னலாக அளந்தார்கள். மடிப்பு வைத்ததா வளையம் வைத்ததா என்று யோசித்தார்கள், சுவர் நிறத்துக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று பெயிண்ட் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், தரையைத் தொட வேண்டுமா, ஜன்னலோடு நிற்க வேண்டுமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபமே வந்தது, ரங்கநாயகி அக்கா கிளிப்பச்சை எடுத்துவிட்டு மனசில்லாமல் போய் மாற்றி அரக்கு எடுத்துவந்தாள். எதற்கு என்று கேட்டால் வெயில் என்றார்கள். வடக்குப் பார்த்த ஜன்னல்காரர்களும் வெயில் என்றார்கள். எந்தத் துணி கேட்டாலும் அர்த்தநாரி கீழேயிருந்து தடித்ததையே எடுத்துப் போட்டான், எல்லாரும் தடித்ததையே கேட்டார்கள். நாற்காலிகள் உள்ளே போயின. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் சர் சர்ரென்று வளையங்கள் இழுபடும், தெருவில் ஒரு ஆள் இருக்கமாட்டார்.

ஒரு சாயங்காலம் கோகிலவாணி வெளியே வந்தாள். லோகநாதன் அடித்து முடித்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். அவள் கதவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், வாசலைத் தாண்டினாள். யாரும் இல்லாத தெருவாக இருக்கும் என்று நினைத்துத்தான் தலையை நிமிர்த்தினாள். தெரு நிறைய ஜனம் இருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும், ஒவ்வொரு புதுத் திரையிலும், அந்தந்த வீட்டுக்காரர்கள் ஆளுயரத்துக்குத் தெரிந்தார்கள், விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் தெரிவது அவர்களுக்குத் தெரியாது, அத்தனை பேரும் திரைக்குப் பின்னால் இருந்ததால் தெருவில் நின்று பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. கோயில் கமிட்டிக்காரர் பனியனோடு நின்றார். கடைசி வீட்டு ஜன்னலில் பால்காரர் வாயைப் பொத்தி நின்றார். அரக்குத் திரையில் ரங்கநாயகி அக்கா நின்றாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது, தாழ்ப்பாளைத் தொட்டது, பிறகு தானாகவே திரும்பி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கோகிலவாணி அந்தத் தாழ்ப்பாள் திறக்குமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நடந்தாள்.

அண்ணன் வீடு அடுத்த தெருவில். ஏழு மணிச் சாப்பாட்டு நேரம், தட்டுச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அண்ணா என்று கூப்பிட்டுக் கதவைத் தட்டினாள். தட்டுச் சத்தம் நின்றது, விளக்கு அணைந்தது, திரை சர்ரென்று மூடிக்கொண்டது. மிச்ச ரோலில் தைத்த திரை அது, மாட்டிய நாளிலிருந்து வெறும் நாவற்பழ நிறமாகவே இருந்தது, மறைப்பதற்கு அந்த வீட்டில் அதுவரை ஒன்றும் இருந்ததில்லை. இப்போது அதில் உள்ளே இருந்தவர்கள் பட்டப்பகல்போல் தெரிந்தார்கள். அண்ணி சாந்தாமணி பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி அம்மாவின் தோளை ஒரு கையால் அழுத்தி உட்காரவைத்தான், முழம் போட்டு அளந்த கை அது, இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்துக்கொண்டான். கோகிலவாணி மறுபடியும் தட்டவில்லை. அம்மா எழுந்திருப்பாளா என்று பார்த்தாள். அம்மா மெதுவாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோற்றில் கையை வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள்.

கோகிலவாணி பையைக் கீழே வைத்தாள். ஜன்னல் கம்பிக்குள் இரண்டு கையையும் விட்டு, நாவற்பழத் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள், திரைக்கம்பி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. இருட்டில் மூன்று பேரும் இருந்தது இருந்தபடி இருந்தார்கள், அண்ணனின் விரல் உதட்டிலேயே இருந்தது.

“கொசு வரும், ஜன்னலைச் சாத்திக்குங்கண்ணா” என்றாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது, பார்க்கத் தெருவில் யாரும் இல்லை. மறுநாள் காலையில் அர்த்தநாரி கடை திறந்தபோது ஈஸ்வரமூர்த்தி வாசலில் நின்றுகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது, ராத்திரி முழுக்க அழுதிருக்க வேண்டும். உட்காரச் சொன்னான் அர்த்தநாரி, டீ சொன்னான், என்ன வேண்டும் என்று கேட்டான். ஈஸ்வரமூர்த்தி முழங்கையை நீட்டி ஜன்னல் அளவைக் காட்டினான், அந்த நாவற்பழத் துணியைவிடத் தடிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.